முழுக்கு எடுக்காத கன்னியப்பன்

வல்லம் வடகால் கன்னியப்பன் என் தங்கை மகன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான் இரண்டாவது, கங்கம்மாள் நான்காவது. அவளை வடகாலில் கொடுத்தோம். அவளுக்குப் பெரியவன் கோதண்டராமன், ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவன் இவன். தாய்மாமன் என்பதால் இரண்டு பேருக்கும் என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். பெரியவன் ஊரைக் கூட்டி அழுதான். இவன் அழவில்லை. ஊசியை எடுத்த ஆசாரியைப் பார்த்து, "எனுக்கு வாணாம்" என்றான். மூன்று வயசு. எல்லோரும் சிரித்தோம், பிடித்துக்கொண்டு குத்தினோம்.

வளர்ந்த பிறகும் அப்படித்தான். எதையும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டான். ஒரு சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தால்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பான். அம்சவல்லியை மண்ணூரில் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும், பத்து நாள் கழித்துத்தான் சொல்கிறேன் என்றான். பத்தாம் நாள் அவனே சைக்கிளில் என் வீட்டுக்கு வந்து, "செய்ங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். முறைக்கு நான் அம்சவல்லிக்குப் பெரியப்பா ஆகிறேன். அதனால் மாமியாரிடம் பேசாததையும் என்னிடம் பேசுவாள். ஒரே மகள் பூஜா.

இரண்டாயிரத்து ஆறிலிருந்தே அந்தப் பக்கம் நிலத்தை அளப்பதும் கல் நடுவதுமாக இருந்தது. கடைசியில் அண்ணன் தம்பி இருவர் பங்கும் கம்பெனிகளுக்குப் போயிற்று. கோதண்டராமன் மாடி வீடு கட்டினான். கன்னியப்பன் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நான்கு அறை போட்டு வாடகைக்கு விட்டுவிட்டு, கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். அறைகளுக்கு வந்தவர்கள் எல்லாம் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டாயிரத்துப் பத்தில் கடைசி அறைக்கு மாரிசெல்வமும் அவன் மனைவி சுகப்பிரியாவும் குடிவந்தார்கள். அந்தப் பெண் பாத்திரம் கழுவும்போதும் பாட்டுப் பாடும். அதைக் கேட்டுக்கொண்டே அம்சவல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சபைக்குப் போனாள்.

சபை என்றால் டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பாப்டிஸ்ட் சபை என்று போர்டு தொங்கும். கோபுரம் கிடையாது, மணி கிடையாது, மேலே பிஷப்பும் கிடையாது. பாஸ்டர் காசிராஜன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். எந்தக் காரியமானாலும் சபையார் கை தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். பாஸ்டருக்கும் ஒரு கை, கம்பெனியில் தரை துடைக்கிற பெண்ணுக்கும் ஒரு கை. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அங்கே சேருவது அவ்வளவு சுலபம் இல்லை. ஆறு வாரம் பாடம். பிறகு சபையார் முன்னால் எழுந்து நின்று, எப்படி இருந்தேன், எப்படி நம்பினேன் என்று தன் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுச் சபையார் கை தூக்கினால், அன்றைக்கே ஏரிக்குக் கூட்டிப்போய், தலை மறைய அமிழ்த்தி எடுப்பார்கள். அதுதான் முழுக்கு. முழுக்கு எடுத்தவர்களுக்குத்தான் மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி, அதாவது அப்பமும் திராட்சை ரசமும். கைக்குழந்தையைக் கொண்டுபோனால் ஜெபம் பண்ணித் தாயிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், தண்ணீர் கிடையாது. அது வளர்ந்து அதுவாக வந்து கேட்க வேண்டுமாம். மாரிசெல்வத்துக்கு அவன் ஊர் சர்ச்சில் மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே நெற்றியில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அது செல்லாது என்று இங்கே வந்து இருபத்தாறு வயசில் மறுபடி முங்கினான். ஏனப்பா என்று கேட்டேன். "அப்போ எங்கிட்ட யாரு தாத்தா கேட்டா?" என்றான்.

அம்சவல்லி இரண்டாயிரத்துப் பதினொன்று தை மாசம் முழுக்கு எடுத்தாள். கன்னியப்பனுக்குக் கோபம்தான். ஆனாலும் ஏரிக்கரைக்கு வந்து நின்றான். பாஸ்டர் அவளை அமிழ்த்தி எடுத்ததும், "இன்னொரு தபா முக்குங்க பாஸ்டரு. என் பேச்ச கேக்காத தல அது" என்று கரையிலிருந்து சத்தம் போட்டான். தண்ணீரில் நின்ற பாஸ்டரே சிரித்துவிட்டார்.

பிறகு அவளை வண்டியில் கொண்டுபோய் விடுவான், கூட்டிவரப் போவான். முதலில் டயர் கடையில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் மழைக்கு உள்ளே ஒதுங்கினான். அதற்கப்புறம் மழை இல்லாத நாளிலும் உள்ளே உட்கார்ந்தான். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் கேள்வி கேட்பான் என்று பாஸ்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவனுக்கு அங்கே எது பிடித்தது என்று நானும் கேட்டேன்.

"அங்க கான்ட்ராக்ட்டு, பர்மனன்ட்டுன்னு கெடையாது மாமா. நம்ம கிட்டயும் வந்து, நீ இன்னா சொல்றன்னு கேக்கறாங்கோ. அப்புறம்தான் எதுவும்" என்றான்.

அந்த வருஷக் கடைசியில் ஆறு வாரப் பாடமும் முடித்துவிட்டான். அடுத்த தை மாசம் சாட்சி சொல்லி முழுகுவதாக இருந்தது. விஷயம் தெரிந்து என் தங்கை கங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கோதண்டராமன் தெருவில் நின்று, "பொண்டாட்டி முங்கிட்டா, நீ எப்போ? சோப்பு வாங்கித் தரட்டா?" என்று கேட்டான். தங்கைக்கு அப்போதே உடம்பு சரியில்லை. அவள் கண் மூடுகிற வரைக்குமாவது பொறுடா என்று நான்தான் போய்ச் சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றான். கங்கம்மாள் அந்த வைகாசியில் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று தை மாசம் மறுபடி நாள் குறித்தார்கள். அந்த வாரம் பார்த்துக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஒரு பேச்சு விட்டார்: ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வருகிறவர்கள் பேரைத்தான் கம்பெனி ரோலுக்கு, அதாவது பர்மனன்ட்டுக்கு, எழுதி அனுப்புவேன் என்று. ஐந்து வருஷம் கான்ட்ராக்டில் நின்றவன். ஓ.டி.க்குப் போய்விட்டான். சபையில் இவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அம்சவல்லிதான் எழுந்து, ஓ.டி. போயிருக்கிறார் என்று சொன்னாளாம். அடுத்த ஞாயிறும் ஓ.டி. அதற்கு அடுத்ததும். அந்த வருஷம் மழையும் சரியில்லை. மாசி பிறப்பதற்குள் ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் நின்றது. அதில் ஆளை அமிழ்த்த முடியாது. அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். ரோலுக்கு எழுதின பேர்களில் இவன் பேர் இல்லை.

ஆனி மாசம் ஒரு நாள் மூன்றாம் ஷிஃப்ட் முடித்து, விடிந்த பிறகு வண்டியில் வந்துகொண்டிருந்தான். வடகால் திருப்பத்தில், புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகிற நீளமான டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்பக்கம் இவனைத் தட்டிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான். உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று மாசம். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பேச்சு இல்லை, வலது கையும் காலும் விளங்கவில்லை. முகம் மட்டும் தெளிவாக இருக்கும். நாம் பேசினால் நம்மைப் பார்த்துத் தலையாட்டுவான்.

அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் அம்சவல்லி ஒரு வருஷம் ஓட்டினாள். கஞ்சி வேணுமா என்றால் தலையாட்டுவான். வலிக்குதா என்றால் தலையாட்டுவான். ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டு, இயேசப்பாவ நம்புறீங்க இல்ல என்று கேட்பாள், அதற்கும் ஆட்டுவான். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் போனாலும் இது போகலை பெரிப்பா, உள்ள நம்பிக்கினுதான் கீறாரு என்பாள். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவன் நம்புகிறவன் என்று சபை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், முழுக்குக் கொடுக்க வேண்டும், பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வேண்டும். அதைத்தான் பாஸ்டரிடம் கேட்டாள்.

பாஸ்டர் நல்ல மனுஷர். தண்ணீர் யாரையும் இரட்சிக்காது அம்மா, முழுக்கு இல்லாததால் கடவுள் அவனைத் தள்ள மாட்டார் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் கொடுப்பதில் என்ன நஷ்டம் என்று இவள் கேட்டாள். அதற்கு அவர், நம்புகிறேன் என்று அவன் சொல்ல வேண்டும், அவனுக்காக நீயோ நானோ சொல்லக்கூடாது என்றார். தன்னிடம் சொல்லியிருக்கிறார் என்றாள் அம்சவல்லி. ஓ.டி.க்குப் போனதற்கு முந்தின ராத்திரிகூட, இந்த வாரம் இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் எழுந்து நிற்பேன் என்று சொன்னாராம். வீட்டில் சொன்னது சபையில் சொன்னதாகாது என்றார் பாஸ்டர். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், சரி, சபையார் முன்னால் கேட்போம், அவன் தலையாட்டினால் அதையே வாய் வார்த்தையாக ஏற்கலாமா என்று சபை முடிவு செய்யட்டும் என்றார்.

இரண்டாயிரத்துப் பதினான்கு ஆவணி மாசம், ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து, முழுக்கு எடுத்தவர்கள் பத்தொன்பது பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியாள் இருக்கக்கூடாது, சக்கர நாற்காலி தள்ளுகிறவர் என்று என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். பதினாலு வயசுப் பூஜா வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள்.

முதலில் மாரிசெல்வம் எழுந்தான். வாய் பேசாதவருக்கு இவள் கேட்கிறாள் என்று கொடுத்தால், நாளைக்குக் குழந்தைக்குத் தாய் வந்து கேட்டால் என்ன சொல்வோம், அப்புறம் நான் எதற்கு இரண்டாம் முறை முங்கினேன் என்றான். சுகப்பிரியா உட்கார்ந்தபடியே அவனைப் பார்த்து, "அண்ணன் குழந்தையில்லலா. ஆறு வாரம் நமக்கு முன்னால உக்காந்து படிச்ச மனுசன். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். ஒன்றிரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

பாஸ்டர் நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்து நின்றார். நீ பாவி என்று ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். கன்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான். இயேசு உனக்காக மரித்து உயிர்த்தார் என்று நம்புகிறாயா என்றார். ஆட்டினான். அவரைப் பின்பற்றி முழுக்கு எடுக்க உனக்கே விருப்பமா என்றார். அதற்கும் ஆட்டினான். கொட்டகையில் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தம் எழுந்தது. அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏற்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்லப் பாஸ்டர் நிமிர்ந்தார்.

அப்போது வனமாமலை எழுந்தார். பாஸ்டருக்கு அடுத்தபடி சபைக் காரியங்களைப் பார்க்கிற உதவிக்காரர் அவர். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர். நாங்குநேரிக்காரர். கன்னியப்பனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது வாரத்தில் இரண்டு ராத்திரி கூடவே படுத்திருந்தவர். நான் ஒன்று கேட்கலாமா பாஸ்டர் என்றார். கேளுங்கள் என்றதும் வந்து தரையில் முட்டி போட்டார். குரலை உயர்த்தவில்லை. பாஸ்டர் கேட்ட அதே மாதிரிதான் கேட்டார்.

"தம்பி, ஒனக்கு இயேசு மேல நம்பிக்கை இல்ல. இந்த முழுக்கு வேண்டாம்னு சொல்லுத. அப்படித்தானே?"

கன்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

சிரிப்பா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை, உதட்டில் முதலில் இருந்த அதேதான் இப்போதும் இருந்தது. வனமாமலை இன்னும் கிட்டே நகர்ந்தார். பிறகு, "ஒன் பேரு நயினார்தானே?" என்றார். அதற்கும் ஆட்டினான்.

அம்சவல்லி எழுந்து வந்து, "அவருக்குக் காது சரியா கேக்கல. நான் கேக்கறேன்" என்றாள். நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, நான் பேசறது புரியுதா? நம்பலன்னா ஆட்டாதீங்க. தலைய ஆட்டாம சும்மா இருங்க. நம்பலன்னா சும்மா…"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவள் கைக்குள்ளேயே தலை ஆடியது.

அவள் எழுந்து தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சபை கூடிவிட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏற்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று பாஸ்டர் மெதுவாகச் சொன்னார். சுகப்பிரியா கையைத் தோள் வரைக்கும் தூக்கி, அம்சவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். அம்சவல்லிக்கும் அங்கே ஒரு கை உண்டு. அது மடியிலேயே இருந்தது. சுகப்பிரியாவும் இறக்கிவிட்டாள்.

வெளியே வனமாமலை டயர் கடைச் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஏன் ஐயா கேட்டாய் என்றேன்.

"எங்க கம்பெனியில காலையில மிஷின ஓட்டுமுன்னே ஒரு கெட்ட பீஸத்தான் மொதல்ல வைப்போம் பெரியவரே. அத வேண்டாம்னு தள்ளுதான்னு பாக்கணும். தள்ளாட்டா, அது நல்ல பீஸுன்னு சொல்லுததையும் நம்ப முடியாது" என்றார். பிறகு, "கேக்காம இருந்திருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அம்சவல்லிக்கு அவர் சொல்லாமலே புரிந்திருந்தது. கஞ்சி வேண்டும் என்றதும், வலிக்கிறது என்றதும், நம்புகிறேன் என்றதும், ஒரு வருஷம் ராத்திரி ராத்திரியாக அவள் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் ஒரே தலையாட்டல்தான் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவனிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். நேரத்துக்கு ஊட்டுவாள், திருப்பிப் படுக்க வைப்பாள், துடைப்பாள். ராத்திரி ஜெபத்தில் அவனைப் பார்த்து உட்காருவதில்லை. பூஜா அன்றோடு சபைக்கு வருவதை விட்டாள்.

கோதண்டராமனுக்கு விஷயம் எட்டியது. அவன் இந்த முறை கேலி பேசவில்லை. தம்பியைக் கோவிலுக்குத் தூக்கிப் போய் மொட்டை அடித்து, அம்மனுக்கு வேண்டிக்கொள்ளலாம், நீ வந்து அவளிடம் சொல்லு மாமா என்றான். நானும் போய்ச் சொன்னேன். நம் பக்கம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், தூக்கிக்கொண்டு போனால் போதும், அவன் நம் ஆள்தான் என்றேன். அம்சவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர கேக்காம அவருக்கு யாரும் எதுவும் செய்ய வாணாம் பெரிப்பா. அதுக்குத்தானே சபைக்கே வந்தாரு" என்றாள்.

கேட்டாலும் பதில் இல்லை, கேட்காமல் செய்யவும் விடமாட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினைந்து கார்த்திகையில் பேய் மழை பெய்து ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கடைவாசல் வழியாக வழிந்தது. தண்ணீருக்குக் குறைவில்லை. வடியக் காத்திருந்து, மார்கழியில் நான்கு பேர் சாட்சி சொல்லி முழுகினார்கள். எல்லாம் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசியபோது அம்சவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தூக்கச் சொன்னபோது நான்கு பேருக்கும் தூக்கினாள்.

முழுக்கு முடிந்து எல்லோரும் கொட்டகைக்குத் திரும்பியதும், புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு பந்தி நடந்தது. கன்னியப்பனை நாற்காலியோடு அவள் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் பின்னால் நின்றேன். தட்டில் அப்பத்தைச் சின்னச் சின்னதாகப் பிட்டு வைத்து, வரிசையாக ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பார்கள். தட்டு அம்சவல்லியிடம் வந்தது. அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். நாற்காலிக்கு அந்தப் பக்கம் சுகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். தட்டை அவளுக்கு நீட்டும்போது அது கன்னியப்பன் முகத்துக்கு நேரே போயிற்று. தினம் மூன்று வேளை அவள் கையால் சாப்பிடுகிறவன். அவள் கை வருவதைப் பார்த்து வாயைத் திறந்தான்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு தட்டைச் சுகப்பிரியாவிடம் கொடுத்தாள். அவன் வாய் திறந்தபடியே இருந்தது. பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அம்சவல்லி விரலால் அவன் தாடையைத் தொட்டு வாயை மூடினாள். திரும்பித் தன் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். அதைச் சாப்பிடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.